பத்துக் கேள்வியில் பிடிபடாது பிணைப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த ‘உங்கள் அட்டாச்மென்ட் எந்த வகை?’ கட்டுரையைப் படித்தேன். குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் இடையே உருவாகும் பிணைப்பு (அட்டாச்மென்ட்) பிற்கால உறவுகளிலும் தொடர்கிறது என்னும் பிணைப்புக் கோட்பாட்டைத் தமிழில் எழுதியதற்கு நன்றி. ஆனால், பத்துக் கேள்விகளுக்கு டிக் அடித்து, மதிப்பெண்ணைக் கூட்டி, ‘நீங்கள் விலகும் வகை’ என்று முத்திரை குத்தும் அந்தப் பெட்டிச் செய்தி கவலை தருகிறது. அந்த முத்திரையோடு சிகிச்சைக்கு வருபவர், நடந்ததைச் சொல்வதற்குப் பதில் தன் வகையைத்தான் விளக்குவார்.

பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி வகுத்த இந்தக் கோட்பாட்டுக்கு ஆய்வு வடிவம் கொடுத்தவர் உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த். ஒரு வயதை ஒட்டிய குழந்தைகளை ஓர் அறையில் விட்டு, தாய் இரண்டு முறை வெளியே போய்த் திரும்பும்படி செய்தார். மொத்தம் 20 நிமிடம் போல ஆகும். தாய் போகும்போது குழந்தை அழுததா என்பதைவிட, அவர் திரும்பியதும் என்ன செய்தது என்பதையே முக்கியமாகப் பார்த்தார். ஒட்டிக்கொண்டு, தேறி, மறுபடி விளையாடப் போன குழந்தைகள் உண்டு; இது பாதுகாப்பான பிணைப்பு. தூக்கச் சொல்லிக் கைநீட்டிவிட்டு, தூக்கியதும் உதைத்தவை உண்டு; இது பதற்றப் பிணைப்பு. தாய் வந்ததையே பார்க்காததுபோல் பொம்மையில் கண்வைத்திருந்தவையும் உண்டு; இது விலகும் பிணைப்பு. இந்தக் கடைசி வகைக் குழந்தைகளின் இதயத்துடிப்பைப் பின்னாளில் அளந்தபோது, முகத்தில் இருந்த அமைதி உள்ளே இல்லை என்று தெரிந்தது. தன் தவிப்பு தனக்கே எட்டாதவரிடம் ‘பிரிவு உங்களைப் பாதிக்கிறதா?’ என்று அச்சடித்துக் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் டிக் விழும்.

இதனால்தான் எய்ன்ஸ்வொர்த்தின் மாணவியான மேரி மெய்ன் குழுவினர் 1980களில் பெரியவர்களுக்கென ஒரு நேர்காணலை உருவாக்கினார்கள். சிறுவயதில் அம்மாவுடன் இருந்த உறவை ஐந்து சொற்களில் சொல்லச் சொல்வார்கள். பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சம்பவம் கேட்பார்கள். ‘பாசம்’ என்று சொன்னவர், சம்பவம் கேட்டதும் ‘அம்மான்னா பாசம்தானே, இதுல என்ன இருக்கு’ என்று நின்றுவிடலாம். இளமை இனித்ததா கசந்ததா என்பதற்கு இங்கே மதிப்பெண் இல்லை. சொல்லும் நினைவும் ஒன்றையொன்று தாங்குகின்றனவா என்பதே கணக்கு. துயரமான இளமையைக் கோர்வையாகச் சொல்ல முடிந்தவர் பாதுகாப்பான பிணைப்பு உடையவராகவே மதிப்பிடப்படுவார். இந்த நேர்காணலின் முடிவும் வினாத்தாளின் முடிவும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை.

சிகிச்சையில் பிணைப்புக் கோட்பாடு கைகொடுக்கும் இடம் வகைப்படுத்தலில் இல்லை, பிரிவிலும் திரும்பி வருவதிலும் இருக்கிறது. சிகிச்சையாளர் இரண்டு வாரம் விடுப்பில் போகிறார் என்று வையுங்கள். மூன்று நான்கு வாரம் முன்பே தேதிகளைச் சொல்ல வேண்டும். இடையில் யாரை அழைக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். திரும்பிய பின், பதற்றப் பிணைப்பு உள்ளவர் பெரும்பாலும் கோபத்தோடு வருவார், அதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. விலகும் பிணைப்பு உள்ளவரோ ‘நல்லாதான் இருந்தேன்’ என்று சிரிப்பார், அடுத்த வாரம் வரமாட்டார். அதை முன்னேற்றம் என்று குறித்துக்கொள்வது நம் துறையில் அடிக்கடி நடக்கும் பிழை. அவர் மறுபடி வரும்போது, ‘நான் லீவு முடிஞ்சு வந்தேன், அதுக்கு அடுத்த வாரம் நீங்க வரலை, ரெண்டுக்கும் தொடர்பு இருக்குமா?’ என்று மெதுவாகக் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இன்னொரு பிழை நல்லெண்ணத்திலேயே பிறக்கிறது. சிகிச்சைக்கு வருபவர் நள்ளிரவில் அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் சிகிச்சையாளர் பதில் போட்டு, ஒரு மாதத்தில் களைத்து, திடீரென்று நிறுத்துவது. அந்த மனிதர் சிறுவயதில் பட்ட நிலையற்ற அன்பு அச்சு அசலாக அங்கே திரும்ப நடக்கிறது. குறைவாகவே கொடுங்கள், ஆனால் சொன்ன நேரத்தில் கொடுங்கள்.

சிகிச்சையாளர் தவறவே கூடாது என்பதில்லை. தவறியதும் தன் பங்கை ஒரே வாக்கியத்தில் ஒப்புக்கொண்டு, அந்த நொடியில் சிகிச்சைக்கு வந்தவருக்குள் என்ன ஓடியது என்று கேட்க வேண்டும். ‘உங்க அப்பாவை என்கிட்ட பார்க்கறீங்க’ என்று உடனே ஆரம்பித்தால், கோட்பாட்டைக் கேடயமாகப் பிடிக்கிறோம் என்று அவருக்குப் புரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கையும் அவசியம். குழந்தையை வலுக்கட்டாயமாக அழுத்திப் பிடித்து ‘பிணைப்பை உண்டாக்கும்’ முறைகளும் அட்டாச்மென்ட் தெரபி என்ற பெயரில் நடந்திருக்கின்றன. 2000இல் அமெரிக்காவின் கொலராடோவில் அப்படியொரு அமர்வில் பத்து வயதுச் சிறுமி மூச்சுத்திணறி இறந்தாள். பௌல்பியின் கோட்பாட்டில் இதற்கு எந்த ஆதாரமும் இல்லை. எந்தப் பெற்றோரும் இதற்கு ஒப்புக்கொள்ளக் கூடாது.

அடுத்த முறை வினாத்தாளுக்குப் பதிலாக, முதல் அமர்விலேயே சிகிச்சையாளரிடம் கேட்க வேண்டிய இந்த மூன்று கேள்விகளை வெளியிடுங்கள்: நீங்கள் விடுப்பில் போனால் எவ்வளவு முன்பே சொல்வீர்கள்? அமர்வுகளுக்கு இடையே எப்போது, எப்படி உங்களைத் தொடர்புகொள்ளலாம்? உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தால் அதை இங்கேயே பேச முடியுமா?

இப்படிக்கு,
உளச்சிகிச்சையாளர்