கோச் நியமனக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரு கௌதமபுரத்து டீக்கடையில் தினமும் கூடும் அண்ணன்மாருக்கும், கண்டீரவா மைதானத்து வெஸ்ட் பிளாக் கேலரியில் தொண்டை கிழியக் கத்தும் தம்பிமாருக்கும் வணக்கம்.

நம் ஊர் ஃபுட்பால் கிளப் பெங்களூரு எஃப்சியில் கோச் நாற்காலி லேசாக ஆடினாலே போதும், நம் டீக்கடைக் கமிட்டி கூடிவிடுகிறது. போன தடவை ஒரு தம்பி போனை நீட்டினான். விமான நிலையத்தில் பெட்டியோடு ஒரு வெள்ளைக்காரர். "இவர்தான் குரு. ஸ்பெயின்காரர். கையெழுத்தே போட்டாச்சு." அவர் அணியை 4-3-3 என்று நிறுத்துவாரா 3-5-2 என்று நிறுத்துவாரா என்று ஒரு மணி நேரம் சண்டை. பை டூ காபி மூன்று சுற்று போனது. அப்புறம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கழுத்தில் ஐடி கம்பெனி அட்டை! ஒயிட்ஃபீல்டுக்கு வேலையாக வந்த மனுஷன், பாவம்.

சரி, ஊகம் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? நானும் அன்று 4-3-3 கட்சிதான். ஆனால் ஏன் எப்போதும் விமான நிலையத்தையே பார்க்கிறோம்? 2018-இல் தலைமை கோச் ரோக்கா போனபோது நாம் எத்தனை பெயர் சொன்னோம்! வந்தது அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த உதவி கோச் குவாத்ராத். அந்த சீசனே, மும்பையில் நடந்த இறுதிப் போட்டியின் கூடுதல் நேரத்தில் ராகுல் பேக்கே தலையால் முட்டி, கோவாவை 1-0 என்று வென்று ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை நமக்கு. குவாத்ராத்தின் உதவியாளராக இருந்த சரகோசா 2023 டிசம்பரில் தலைமை கோச்சாகத் திரும்பி வந்தார், 2025 ஐஎஸ்எல் இறுதிப் போட்டி வரை கூட்டிப்போனார். குவாத்ராத் 2021 ஜனவரியில் நீக்கப்பட்டபோது மீதி ஐஎஸ்எல் சீசனை ஓட்டியவரும் வெளியாள் இல்லை, நம் உதவி கோச் நௌஷாத் மூசா. அதுவும் இந்தியர், மும்பைக்காரர்.

எல்லா நல்லதும் பெஞ்சிலிருந்தே, அதாவது உதவி கோச்களிடமிருந்தே வந்தது என்று சொல்ல மாட்டேன். கோச் வெஸ்ட்வுட் வெளியிலிருந்து வந்தவர்தான், கிளப் பிறந்த முதல் சீசனிலேயே, 2013-14-இல், அப்போதைய தேசிய லீக்கான ஐ-லீக் பட்டத்தை வாங்கித் தந்தார். கிரேசன் வந்து 2022 டுராண்ட் கோப்பை எடுத்தார். ஆனால் அவர் பெயரை நம் கடையில் ஒருவர்கூடச் சொல்லவில்லை, ஞாபகம் இருக்கிறதா?

இன்னொன்று. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக கோல் போட்ட சாரங்கபாணி ராமன் இந்த ஊர்க்காரர். பெலேவுக்குச் சிலை வைத்த தெருவில் உட்கார்ந்துகொண்டு, உள்ளூர்க்காரன் ஒருவன் பெயரைக்கூட நம் பட்டியலில் சேர்க்காமல் இருக்கிறோமே! இந்தியரான காலித் ஜமீல் 2025-இல் தேசிய அணிக்கே கோச் ஆகிவிட்டார். நம் பட்டியலில் இன்னும் பார்சிலோனாதான்.

அடுத்த தடவை யாராவது பெயர் சொன்னால், "எந்த ஊர்?" என்று கேட்கும் முன், "ரிசர்வ் (இரண்டாம் அணி) பசங்களை இறக்குவானா?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் அசோக் நகர் மைதானத்துக்கு வாருங்கள், உள்ளூர் லீக்கின் சூப்பர் டிவிஷன் ஆட்டம் பார்க்கலாம். கோட்டோரம் நின்று கத்துகிற உள்ளூர் கோச்களை நான் காட்டுகிறேன். அந்த மூன்று சுற்று காபிக்காசை மட்டும் தம்பி கொடுத்துவிடட்டும், கடைக்காரர் இன்னும் என்னைத்தான் கேட்கிறார்.

இப்படிக்கு,
கமிட்டியில் உங்கள் பக்கத்து பெஞ்சுக்காரன்