அந்த வேர் எங்கே இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் “ஒரே ஒரு ஸ்டெம் செல் ஊசி, முடக்கு வாதம் வேரோடு போய்விடும்” என்று போட்டிருக்கிறீர்கள். பத்தொன்பது வருஷமாக அந்த நோயோடு குடித்தனம் நடத்துகிறேன். வேர் எங்கே இருக்கிறது என்று கட்டுரையாளர் எனக்கும் காட்டியிருக்கலாம்.

பக்கத்தில் போட்ட படமோ தேய்ந்துபோன முழங்கால்! தேய்மானம் வேறு, முடக்கு வாதம் வேறு என்பது தங்களுக்குத் தெரியாததா? உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சொந்த மூட்டுச் சவ்வைத் தாக்குகிற நோய் இது. காலையில் ஒரு மணி நேரத்துக்கு என் விரல்கள் மடங்காது. காபி டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும்தான் பிடிக்க வேண்டும்.

நானும் ஏமாந்தவள்தான். 2019இல் இதே மாதிரிக் கட்டுரையைப் பார்த்து (உங்கள் இதழில்தான், கத்தரித்து வைத்திருக்கிறேன்) ஒரு கிளினிக்குக்குப் போனேன். வயிற்றுக் கொழுப்பை எடுத்து, அதிலிருந்து செல்லைப் பிரித்து ஏற்றினார்கள். மூன்றரை லட்சம். வளையல்கள் போயின. இனி மாத்திரையே வேண்டாம் என்றார்கள். வாரம் ஒருநாள் போடுகிற மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தினேன். ஐந்தாம் மாதம் இரண்டு மணிக்கட்டும் வீங்கி, மறுபடி அரசு மருத்துவமனை வரிசையில் நின்றேன். அங்கே டாக்டரம்மா திட்டக்கூட இல்லை. “இந்த மாசம் நீங்க நாலாவது ஆள்” என்றார், அவ்வளவுதான்.

ரத்த நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை (ஸ்டெம் செல்) மாற்று சிகிச்சை தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சையெல்லாம் இன்னும் ஆராய்ச்சிதான், அதற்கு வருபவரிடம் காசு வாங்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இலேயே சொல்லிவிட்டது. குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்கள் என்று 1954ஆம் வருஷச் சட்டம் போட்ட பட்டியலிலும் வாதநோய் உண்டு. பத்திரிகை நடத்துகிற தங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்.

அப்புறம், சிக்குன்குனியா சமயத்தில் நீங்கள் போட்ட மூன்று நாள் கஷாயத்தைப் பற்றி எழுதினேன். பதிலே இல்லை. அதற்கு முந்தைய கடிதத்தில் இரண்டு பக்கத்தையும் வெட்டிவிட்டு, “அட்டைப்படம் அருமை” என்ற வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். நன்றி.

காசு வாங்கிப் போட்ட பக்கம் என்றால் மேலே ‘விளம்பரம்’ என்று போடுங்கள். என் வயதுக்காரர்களுக்குக் கண்ணாடி இல்லாமலே தெரிகிற அளவில்.

இப்படிக்கு,
இருபத்திரண்டு வருஷச் சந்தாதாரர்,
தஞ்சாவூர்

பி.கு.: எழுத்து பேத்தியுடையது. கோணலாக இருக்கும் கையெழுத்து மட்டும் என்னுடையது.