வெள்ளத்துக்கு முன்னால் வாங்கும் கடன்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். முழங்கால் வலியை இன்னும் தள்ளிப்போடாதே, டாக்டரைப் பார்.

எங்கள் ஊர் ஓடையைப் பற்றி எழுதியதற்கு, "பணக்கார நாடுதானே, ஊர் ஏன் கடன் வாங்கணும், அரசாங்கமே கொடுக்கட்டும்" என்று கேட்டிருந்தாய். அதற்கு விரிவாகவே பதில் எழுதத் தோன்றுகிறது.

2021 செப்டம்பர் 1 இரவு, ஐடா புயலின் மிச்சம் நியூஜெர்சி மேல் கொட்டியது. இந்த மாநிலத்தில் மட்டும் சுமார் 30 பேர் இறந்தார்கள். அதில் பலர் காரோடு தண்ணீரில் சிக்கியவர்கள். அடுத்த மழைக்குள் ஓடையை அகலப்படுத்த வேண்டும், சிறுபாலத்தை உயர்த்த வேண்டும் என்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பணத்தில்தான் நின்றது. மத்தியப் பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபெமா மானியம் கொடுத்தாலும் பெரும்பாலும் செலவில் 75 சதவீதம்தான். மீதி 25 இங்கேயே புரட்ட வேண்டும். சின்ன ஊர்கள் அந்த 25 கையில் இல்லாததாலேயே விண்ணப்பம் போடாமல் விட்டுவிடுகின்றன. மானியமும் நிலையில்லாதது. பிரிக் என்ற பெரிய தடுப்பு மானியத் திட்டத்தை நிறுத்துவதாக 2025 ஏப்ரலில் ஃபெமா அறிவித்தது. மாநிலங்கள் வழக்குப் போட்டன.

இந்த இடத்தில்தான் கடன் உதவுகிறது. 2021 ஜனவரி 1 அன்று கையெழுத்தான ஸ்டார்ம் சட்டப்படி ஃபெமா மாநிலங்களுக்கு முதலீடு கொடுக்கும், மாநிலம் அதன்மேல் 10 சதவீதமாவது போட்டுச் சுழல்நிதி, அதாவது திரும்பி வரும் தவணையையே மறுபடி கடனாகக் கொடுக்கும் நிதி, அமைக்கும். அதிலிருந்து ஊர்களுக்குக் கடன், வட்டி 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. எந்த ஊருக்கு முதலில் என்பதை மாநிலமே முடிவு செய்யும். வேலை முடிந்து ஓராண்டுக்குள் தவணை தொடங்கும். 20 ஆண்டு அவகாசம், வருமானம் குறைந்த பகுதிகளுக்கு 30. இதற்கென 50 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2023-இல் முதல் சுற்றில் பணம் பெற்றவற்றில் நியூஜெர்சியும் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது, இந்தக் கடனை ஃபெமா மானியத்துக்கான அந்த 25 சதவீதமாகவே காட்டலாம் என்பது. 20 லட்சம் டாலர் வேலை என்று வை. 15 லட்சம் மானியம், 5 லட்சம் கடன். 1 சதவீதத்தில் 20 ஆண்டு, ஆண்டுக்கு 25,000 அசல் என்று கட்டினால் மொத்த வட்டியே 52,500தான். கூட்டுறவு வங்கியில் அத்தனை வருஷம் இருந்த உனக்கு இதன் அருமை தெரியும். நாங்கள் கட்டுகிற தவணை நிதிக்குத் திரும்பி, ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊருக்குப் போகும். மானியம் ஒருமுறை செலவானால் போனதுதான்.

ஆனால் தவணை கட்ட வருமானம் எங்கே? என் கவலை எல்லாம் அதில்தான். கழிவுநீர் நிலையங்களுக்கு 1987 முதலே இதே மாதிரி சுழல்நிதி நாடு முழுக்க ஓடுகிறது. அங்கே வீட்டுக்கு வீடு பில் போகிறது, அதிலிருந்து கடன் அடைகிறது. வராத வெள்ளத்துக்கு யார் பில் போடுவது? தேசியக் கட்டடவியல் நிறுவனம் 2019-இல் போட்ட கணக்கில், மத்திய மானியத்தில் தடுப்புக்குச் செலவாகும் 1 டாலர் 6 டாலர் இழப்பை மிச்சப்படுத்துகிறது. அந்த 6 டாலர் நகர்மன்றத்தின் கல்லாவில் வந்து விழாது. சொத்து வரியைத்தான் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் மழைநீர்க் கட்டணம் போட வேண்டும்.

அந்தக் கட்டணத்துக்கு 2019-லேயே நியூஜெர்சியில் சட்டம் வந்துவிட்டது. எதிர்த்தவர்கள் "மழை வரி" என்று பெயர் வைத்து ஊர்களைப் பயமுறுத்திவிட்டார்கள். எனக்கு இது நியாயமான கட்டணமாகவே படுகிறது. தண்ணீர் இறங்காத தரை எவ்வளவோ அவ்வளவு கட்டணம் என்று வைத்தால், ஏக்கர் கணக்கில் தார் போட்ட கடைவளாகம் அதிகம் கட்டும், சின்ன வீட்டுக்காரர் கொஞ்சம் கட்டுவார். ஓடைக்குத் தண்ணீரைத் தள்ளுகிறவரே செலவையும் ஏற்கட்டும். அதுகூடத் தாங்காத ஏழை ஊர்களுக்கு மானியம் இருந்தே ஆக வேண்டும். கடன் வந்துவிட்டது என்று மானியத்தை வெட்டினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அடுத்த மாதம் நகர்மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் இதைச் சொல்லப் போகிறேன். தவணைக் கணக்கும் கட்டண விகிதமும் போட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். 30 ஆண்டுத் தவணைக்கும் ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். எங்கே இடிக்கிறது என்று பார்த்து, கூட்டத்துக்கு முன்னால் எழுது.

அன்புடன்,
மணி