டியர்-1க்குக் கட்டிய 50,000 ரூபாயை டியர்-2இல் ஏற்றியது குறித்த புகார்

கோத்தகிரி,
12.05.2025

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
தலைமை அலுவலகம், சென்னை.

ஐயா / அம்மா,

வணக்கம். மார்ச் 26ஆம் தேதி உங்கள் குன்னூர் கிளையில் என்பிஎஸ் எனும் தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் டியர்-1 கணக்கில் (ஓய்வூதியக் கணக்கு) போடச் சொல்லி 50,000 ரூபாயும், உங்கள் கட்டணம் ஜிஎஸ்டியோடு 295 ரூபாயும் சேர்த்து ஒரே செக்காகக் கொடுத்தேன். அந்தப் பணம் டியர்-2இல் (விருப்பச் சேமிப்புக் கணக்கு) ஏறியிருக்கிறது. ஒன்றரை மாதமாகியும் சரி செய்யவில்லை. கிளையில் பேசிப் பேசி அலுத்துப்போய்த்தான் நேராக உங்களுக்கு எழுதுகிறேன்.

தவறு எங்கே நடந்தது என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. படிவத்தின் நகலை இணைத்திருக்கிறேன், பாருங்கள். டியர்-1 கட்டத்தில் தொகை தெளிவாக எழுதியிருக்கிறது. பக்கத்தில் டியர்-2 கட்டத்தில் வேறு யாரும் எதையும் எழுதிவிடக் கூடாதென்று குறுக்கே கோடு போட்டிருக்கிறேன், அந்தக் கோட்டின் மேலேயே உங்கள் கிளையின் ஊதா நிற சீல் விழுந்திருக்கிறது. ரசீதில் உங்கள் ஊழியரே கைப்பட 'டியர்-1' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இவ்வளவும் இருந்தும் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது மாற்றி ஏற்றியிருக்கிறார்கள். ஏப்ரலில் ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்தால் டியர்-1இல் அந்த வருஷத்துக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை, டியர்-2இல் மார்ச் 28ஆம் தேதி போட்டு யூனிட் (முதலீட்டு அலகு) வாங்கியிருக்கிறது.

"எங்க இருந்தா என்ன சார், பணம் உங்க பேர்லதானே இருக்கு" என்றார்கள் கிளையில். என்பிஎஸ் கணக்கைக் கையாளும் இடத்தில் இப்படி ஒரு பதில் வரலாமா? டியர்-2 என்பது நினைத்தபோது எடுத்துக்கொள்ளக்கூடிய சேமிப்பு. ஓய்வுக்காலத்துக்கென்று காக்கும் ஓய்வூதியக் கணக்கு டியர்-1தான், வருமான வரிச் சட்டத்தின் 80சிசிடி(1பி) பிரிவில் 50,000 ரூபாய் வரை கூடுதல் வரிக்கழிவு கிடைப்பதும் அதற்குத்தான். நான் பழைய வரிமுறையில் இருக்கிறேன். வீட்டுக் கடன் வட்டி, பிஎஃப் எல்லாம் கழித்த பிறகு என் வரிக்குரிய வருமானம் 5,30,000 ரூபாய். இந்த 50,000 கழிந்தால் 4,80,000, அதாவது 5 லட்சத்துக்குக் கீழே, 87ஏ பிரிவின் தள்ளுபடியில் வரியே இல்லை. கழியாவிட்டால் முதல் 5 லட்சத்துக்கு 12,500, அதன் மேல் 30,000க்கு 20 சதவீதம் 6,000, செஸ் 740, ஆக மொத்தம் 19,240 ரூபாய் நான் கட்ட வேண்டும். உங்கள் ஊழியர் ஒரு கட்டத்தை மாற்றித் தொட்டதற்கு எனக்கு விழும் செலவு இது.

கிளை மேலாளர் சொன்ன வழியைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. டியர்-2இல் இருந்து டியர்-1க்கு மாற்றிக்கொள்ள ஒரு படிவம் இருக்கிறதாம், கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்ததாம். அந்த வசதி இருப்பது எனக்கும் தெரியும், ஆனால் அது சந்தாதாரர் தானாக விரும்பி மாற்றுவதற்கு. அதில் கையெழுத்துப் போட்டால் நானே விருப்பப்பட்டு டியர்-2இல் போட்டு, நானே மனசு மாறி எடுத்ததாகத்தான் பதிவாகும். அப்புறம், இப்போது மாற்றினால் மே மாதத் தேதிதான் விழும், அது அடுத்த நிதியாண்டு, போன வருஷக் கழிவு போனது போனதுதான். இருக்கிற யூனிட்டை இன்றைய விலைக்கு விற்று இன்றைய விலைக்கு வாங்கவும் செய்வார்கள், நடுவில் ஏப்ரல் முதல் வாரம் மார்க்கெட் சரிந்து பிறகு ஏறியிருக்கிறது, அந்தக் கணக்கை யார் பார்ப்பது? ஆகவே அந்தப் படிவத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கவுன்டரில் இருந்தவர், "ரசீதுல டியர்-1னுதான சார் இருக்கு, அதை வச்சே க்ளைம் பண்ணிடுங்க, யார் பாக்கப் போறா" என்றார். கணக்கில் இல்லாத பணத்தைக் காட்டி வரிக்கழிவு கேட்கச் சொல்லி ஒரு நிதி நிறுவனத்தின் ஊழியர் வாடிக்கையாளருக்கு யோசனை சொல்கிறார்! நாளைக்கு நோட்டீஸ் வந்தால் அது என் பேருக்குத்தான் வரும். இதை நீங்கள் தனியாக விசாரிக்க வேண்டும்.

நான் இங்கே ஒரு டீ ஃபேக்டரியில் வேலை செய்கிறேன். எங்கள் பிஎஃப் பென்ஷன் 15,000 ரூபாய் சம்பளத்தை உச்சமாக வைத்துத்தான் கணக்காகிறது, முப்பத்தைந்து வருஷம் உழைத்தாலும் மாதம் 7,500 ரூபாய். வயதான காலத்தில் அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது என்றுதான் வருஷா வருஷம் போனஸை எடுத்து என்பிஎஸ்ஸில் போடுகிறேன். இங்கே நிறையப் பேர் என்பிஎஸ் என்றாலே தயங்குகிறார்கள், நான்தான் நல்ல திட்டம் என்று சொல்லி உடன் வேலை செய்பவர்களை உங்கள் கிளைக்கு அனுப்பினேன். இப்போது அவர்கள் என்னிடம் "உன் பணம் வந்துச்சா" என்று கேட்கிறார்கள்.

நான் கேட்பது இதுதான். டியர்-2இல் ஏறிய பதிவை உங்கள் தவறு என்று குறித்து நீக்கிவிட்டு, மார்ச் 28ஆம் தேதியிட்டே டியர்-1இல் சேர்க்க உங்கள் தரப்பிலிருந்து என்பிஎஸ் கணக்குகளைப் பராமரிக்கும் பதிவேட்டு நிறுவனத்துக்குப் பிழைத்திருத்தம் அனுப்புங்கள். அன்றைய விலையில் எனக்கு எத்தனை யூனிட் கிடைத்திருக்குமோ அத்தனையும் கணக்கில் வர வேண்டும், குறைந்தால் வித்தியாசத்தை நீங்கள் போட வேண்டும். ஏதோ காரணத்தால் மார்ச் தேதி போட முடியாது என்றால், அதை எழுத்தில் கொடுத்துவிட்டு அந்த 19,240 ரூபாயையும் நீங்களே தர வேண்டும். ஜூலை 31க்குள் நான் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

சந்தாதாரர் புகாரை 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையமான பிஎஃப்ஆர்டிஏவின் 2015ஆம் ஆண்டு குறைதீர்ப்பு விதிகள் சொல்கின்றன. அதற்குள் முடியாவிட்டால் என்பிஎஸ் டிரஸ்ட்டுக்கும், அங்கேயும் தீராவிட்டால் ஆம்புட்ஸ்மேன் எனும் குறைகேட்பு அதிகாரியிடமும் போவேன். இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து அந்த 30 நாள் கணக்கு ஓடும்.

படிவ நகல், ரசீது, செக் நகல், ஏப்ரல் ஸ்டேட்மென்ட் நான்கும் இணைப்பில் உள்ளன, என் பிரான் எண் (என்பிஎஸ் கணக்கு எண்) அவற்றிலேயே இருக்கிறது. பதிலை எழுத்தில் அனுப்புங்கள், போனில் வேண்டாம். இது கொழுந்து குவியும் மாதம், பகல் முழுக்க மெஷின் பக்கத்தில் நிற்கிறேன், குன்னூருக்கு நேரில் வரச் சொல்லியும் கேட்காதீர்கள், சீசன் நெரிசலில் அரை நாள் லீவு போட்டால்கூடப் போய்த் திரும்ப முடிவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்,
கோத்தகிரி.