லியோன்ல தொறந்திருக்க கதவு கானாடுகாத்தான்லயும் தொறக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டு வீடுகளை இடிச்சு தூணும் நிலையும் விலைக்குப் போறதைப் பத்தி உங்க பேப்பர்ல அப்பப்ப செய்தி வருது. வர்றப்பல்லாம் எங்க தெருவுல ரெண்டு நாள் அதே பேச்சா இருக்கும், அப்புறம் அடுத்த வீட்டு ஓட்டைப் பிரிக்கிற சத்தம் கேக்கும். இந்தப் பேச்சுல சேக்க வேண்டிய ஒரு விசயத்தை நான் வெளியூர்ல கண்ணால பாத்துட்டு வந்திருக்கேன், அதுக்குத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாப் போனாலும் தயவுசெஞ்சு வெட்டாமப் போடுங்க.

என் மக பிரான்ஸ்ல கிரெனோபிள்ங்கிற ஊர்ல வேலை பாக்குறா. போன செப்டம்பர்ல நானும் எங்க வீட்டுக்காரரும் அவகிட்டப் போயிருந்தப்ப ஒரு சனி ஞாயிறு லியோன் பாத்துட்டு வருவோம்னு கூட்டிட்டுப் போனா, டிரெய்ன்ல ஒன்றரை மணி நேரந்தான். பாரிஸ்னா நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும், லியோன் பேரு அவ்வளவா அடிபடாது, ஆனா அது ரோமாக்காரங்க கி.மு. 43-ல உண்டாக்குன ஊரு. ரோன், சோன்னு ரெண்டு ஆறு ஊருக்குள்ளயே வந்து சேருது. சோன் ஆத்துக்கு மேக்க ஃபூர்வியேர்னு ஒரு குன்று, அந்தக் குன்றுக்கும் ஆத்துக்கும் நடுவுல இருக்குற ஒடுக்கமான இடத்துலதான் பழைய லியோன் இருக்கு.

குன்று மேல ஏற நம்ம பழனி விஞ்ச் மாதிரி ஒரு ரயில் விட்டிருக்காங்க. மேல பெரிய மாதா கோயில், 1872-ல கட்ட ஆரம்பிச்சது, உள்ள சுவரெல்லாம் கலர் கல்லு பதிச்ச சித்திரம். அங்கேருந்து பாத்தா ஊரே தெரியுது. கொஞ்சம் தள்ளி ரோமாக்காரங்க கட்டுன தியேட்டர், ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி பத்தாயிரம் பேர் உக்காந்து பாத்த இடம், இன்னைக்கும் கோடைகாலத்துல அதே கல்படியில ஜனங்க உக்காந்து கச்சேரியும் நாடகமும் பாக்குறாங்க. இதெல்லாம் அழகுதான், கீழ எறங்கி பழைய ஊருக்குள்ள போனப்பதான் எனக்கு வேற மாதிரி ஆயிருச்சு.

அங்க டிராபூல்னு ஒண்ணு இருக்கு. ஒரு தெருவுல இருக்குற வீட்டுக்குள்ள நுழைஞ்சு, முற்றம் முற்றமாக் கடந்து, அடுத்த தெருவுல வெளிய வர்ற வழி. சான் ஜான் தெருவுல 54-ம் நம்பர் கதவு, வெளிய இருந்து பாத்தா சாதாரண மரக்கதவு, பக்கத்துல இருந்த பட்டனை என் மக அமுக்குனா, பூட்டு விட்டுச்சு. உள்ள இருட்டு சந்து, எதிர்க்க ஆள் வந்தா ஒதுங்கித்தான் நிக்கணும். சுவத்துல வரிசையா தபால் பெட்டி, ஒவ்வொண்ணுலயும் குடியிருக்கவங்க பேரு ஒட்டியிருக்கு, ஒரு சின்னப்பிள்ளை சைக்கிளைச் சுவரோரம் சாத்தி வச்சிருக்காங்க. ரெண்டு எட்டு வச்சா தலைக்கு மேல வானம், நாலு பக்கமும் மாடி, கல்லு வளைவு. மறுபடி சந்து, மறுபடி முற்றம், இப்படியே போயி கடைசிக் கதவைத் தொறந்தா பின்னாடி பெஃப் தெருவுல 27-ம் நம்பர் வாசல்ல நிக்கிறோம். நடுவுல ஒரு வயசான அம்மா காய்கறிப் பையோட மாடிப்படி ஏறிக்கிட்டு இருந்தாங்க, எங்களைப் பாத்து போன்ஜூர்னு சொல்லிட்டு அவங்க பாட்டுக்குப் போனாங்க. சுவத்துல ஒரு போர்டு, இங்க ஆளுங்க குடியிருக்காங்க, சத்தம் போடாமப் போங்கன்னு. வந்த கூட்டமும் அப்படித்தான் போச்சு.

எங்க வீட்டுக்காரர் அந்த முற்றத்துலயே நின்னுட்டாரு. "நம்ம வீட்ல முகப்புல ஏறி வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படின்னு நடந்து பின்வாசல்ல எறங்குனா அடுத்த தெருதானே, இதுவும் அதுதானே"ன்னாரு. வளவுன்னா வீட்டு நடுவுல முற்றமும் அதைச் சுத்தி அறைகளும் இருக்குற பகுதி. செட்டிநாட்டுக்காரங்க யாரு போனாலும் அதைத்தான் சொல்லுவாங்க.

அந்த வீடுகளைக் கட்டுனது யாருன்னு கேட்டா இன்னும் ஆச்சரியமா இருக்கு. லியோன்ல அந்தக் காலத்துல வருசத்துக்கு நாலு பெரிய சந்தை கூடும், அதுக்காக இத்தாலியில இருந்து வட்டித்தொழில் பண்றவங்களும் பட்டு வியாபாரிகளும் வந்து தங்கி, சம்பாதிச்ச காசுல 15, 16-ம் நூற்றாண்டுல கட்டுன வீடுங்க அங்க நெறைய. ரொக்கத்தைத் தூக்கிட்டு அலையாம சீட்டு எழுதி ஊருக்கு ஊர் பணம் மாத்திக்குவாங்க. நம்ம நகரத்தார் பர்மாவுலயும் மலேயாவுலயும் இலங்கையிலயும் உண்டியல்ங்கிற அதே மாதிரிப் பணச்சீட்டு எழுதித் தொழில் பண்ணி, சம்பாத்தியத்தை பர்மா தேக்காவும் இத்தாலி மார்பிளாவும் இங்க கொண்டாந்து எறக்குனாங்க. கடையில உக்காந்து கணக்கு எழுதுன கைதான் ரெண்டு ஊரு வீட்டையும் கட்டியிருக்கு.

நான் சொல்ல வந்த விசயம் இதுக்கப்புறந்தான் இருக்கு. அந்தப் பழைய லியோன் எப்பவுமே இப்படி இருந்ததில்ல. பணக்காரங்க வேற பக்கம் குடி போயிட்டாங்க, வீடெல்லாம் அழுக்கேறி, ஒழுகி, ஒரு ரூம்ல ஒரு குடும்பம்னு நெருக்கிக் கெடந்துச்சு. அப்ப இருந்த மேயர் இதுக்கு நடுவுல பெரிய ரோடு போடணும்னு திட்டம் வச்சாரு. ஊர்க்காரங்க 1946-லயே ஒரு சங்கம் ஆரம்பிச்சிருந்தாங்க, அவங்க விடாமப் போராடுனாங்க. 1962-ல பிரான்ஸ் அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டாந்துச்சு, அப்ப கலாச்சார மந்திரியா இருந்த மல்ரோ பேராலதான் அதைச் சொல்றாங்க. ஒரே ஒரு கோட்டையையோ கோயிலையோ மட்டும் காப்பாத்தாம பேட்டை முழுசையும் சேத்துக் காப்பாத்தணும்னு சொல்ற சட்டம். 1964-ல அந்தச் சட்டத்துல நாட்டுலயே மொதல்ல சேத்தது பழைய லியோனைத்தான். 1998-ல அக்கம்பக்கத்துப் பழைய பகுதிகளையும் சேத்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய லிஸ்ட்ல ஏறுச்சு, 427 ஹெக்டேர், நம்ம கணக்குல ஆயிரம் ஏக்கருக்கு மேல, பூராவும் ஆளு குடியிருக்குற ஊரு.

சரி, சட்டம் போட்டா மட்டும் சொந்த வீட்டு வாசலை யாரு தொறந்து விடுவா? அங்க நகராட்சி என்ன பண்ணியிருக்குன்னா, வீட்டுக்காரங்களோட ஒப்பந்தம் போட்டிருக்கு. நீங்க பகல்ல வழியைத் தொறந்து விடுங்க, வழியைக் கூட்டுறது, லைட்டு போடுறது, பராமரிக்கிறதுக்கு நாங்க செலவுல பங்கு தர்றோம். அவ்வளவுதான். ஊர்ல இப்படி வழி நூத்துக்கணக்குல இருக்கு, அதுல நாப்பது போலதான் ஜனங்க போக தொறந்திருக்கு, மத்ததெல்லாம் பூட்டித்தான் இருக்கு, யாரையும் கட்டாயப்படுத்தல. தொறந்திருக்குற அந்த நாப்பதைப் பாக்கத்தான் உலகம் பூரா இருந்து ஆளு வருது.

நாங்க போன சனி ஞாயிறு செப்டம்பர் மூணாவது வாரம், அது அங்க பாரம்பரிய நாளுங்க. 1984-ல இருந்து வருசா வருசம் நடக்குது, வழக்கமாப் பூட்டியிருக்குற கட்டிடங்களை எல்லாம் அந்த ரெண்டு நாளு ஜனங்களுக்குத் தொறந்து விடுவாங்க. நாங்க பாத்த எல்லா இடத்துலயும் கூட்டம், அதுல பாதிக்கு மேல உள்ளூர்க்காரங்கன்னு என் மக சொன்னா. ஒரு தாத்தா பேரனுக்கு மாடிப்படியைக் காட்டி என்னமோ சொல்லிக்கிட்டே வந்தாரு. பாஷை புரியல, ஆனா தன் ஊரைக் காட்டுற சந்தோசம் அந்த மொகத்துல தெரிஞ்சுச்சு.

ஞாயித்துக்கிழமை குருவா ரூஸ் மேட்டுக்குப் போனோம், பட்டுத் தறிக்காரங்க இருந்த பகுதி. பூவேலை டிசைன் நெய்யுற ஜக்கார்டு தறி உயரமா இருக்கும்னு வீட்டுக்குள்ள கூரையையே நாலு மீட்டர் வரைக்கும் தூக்கிக் கட்டியிருக்காங்க. 1804-ல அதைச் செஞ்ச ஜக்கார்டுங்கிறவரு இந்த ஊர்க்காரருதான். இன்னைக்கும் காஞ்சிபுரத்துலயும் ஆரணியிலயும் தறி மேல உக்காந்திருக்கே ஜக்கார்டு பெட்டி, அது அவரு பேருதான். கூலி கட்டுப்படியாகலன்னு 1831-ல தறிக்காரங்க திரண்டு எழுந்த தெருவும் இதே மேடுதான். அங்கயும் வீட்டுக்கு வீடு ஊடுவழி, மழை வந்தா பட்டுப் பொதி நனையாம அதுக்குள்ளயே தூக்கிட்டுப் போவாங்களாம். சாப்பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும்னா, பூஷோன்னு சொல்ற சின்ன ஹோட்டல்ல மாட்டுக் குடல், ஈரல் எல்லாம் ரசிச்சு சமைக்கிறாங்க, எனக்கு ரோஸ் கலர் பிரலீன், அதாவது சர்க்கரைப் பாகு பூசுன பாதாம், போட்ட இனிப்புதான் பிடிச்சுச்சு.

இனி நம்ம ஊருக்கு வர்றேன். செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல, அதாவது பின்னால உலகப் பாரம்பரியமாக்கப் பரிசீலிக்கிற லிஸ்ட்ல, 2014-லயே சேத்தாச்சு. தமிழ்நாட்டுல பாரம்பரிய ஆணையம் அமைக்க 2012-லயே சட்டம் போட்டாச்சு. காரைக்குடி இப்ப மாநகராட்சி. கோத்தமங்கலத்துல ரெண்டு பிரெஞ்சு ஆர்க்கிடெக்ட்டுங்க ஒரு பழைய வீட்டை வாங்கி, ஒரு தூணு மாறாம சரி பண்ணி, விருந்தாளிங்க வந்து தங்குற வீடா நடத்திக் காட்டிட்டாங்க. ஆனா சாதாரண வீடு ஒண்ணும் தொறக்கல. ஆத்தங்குடியிலயும் கானாடுகாத்தான்லயும் ஒண்ணு ரெண்டு பெரிய வீட்டை டிக்கெட் வாங்கிப் பாக்கலாம், மத்தபடி டூரிஸ்ட்டு வந்தா தெருவுல நின்னு பூட்டைத்தான் போட்டோ எடுத்துட்டுப் போறாங்க.

ஏன் தொறக்கலன்னா ஒரே பதில்தான் வரும், வீட்ல பங்கு நெறைய. எங்க வீட்லயும் அப்படித்தான், வளவைச் சுத்தியிருக்குற அறை ஒவ்வொண்ணுலயும் ஒரு பங்காளி பூட்டு தொங்குது, ஒருத்தர் சென்னை, ஒருத்தர் சிங்கப்பூர், முன்னோருக்குச் செய்யுற படைப்புக்கு மட்டும் சேருவோம். இது இடிக்கிறதுக்கு காரணமே இல்லைங்க. லியோன்லயும் ஒரு கட்டிடத்துல மாடிக்கு மாடி வேற வேற சொந்தக்காரங்கதான், தபால் பெட்டியில அத்தனை பேரு. அறை எல்லாம் பூட்டியே இருக்கட்டும், பொதுவா இருக்குற முகப்பும் வளவும் மட்டும் தொறந்தாப் போதுமே.

வீடு எப்படி சாகுதுன்னு பக்கத்துல இருந்து பாத்தவ நான். மேல ஒரு ஓடு உடையும், ஊர்ல ஆள் இல்லாததால யாருக்கும் தெரியாது. அடுத்த ஐப்பசி மழையில தண்ணி உத்தரத்துல எறங்கும், சுண்ணாம்புப் பூச்சு ஊறி உப்பும், ஈரம் கண்ட எடத்துல கரையான் ஏறும். அப்புறம் பங்காளிங்க வந்து பாத்து, இதைச் சரி பண்ண லட்சக்கணக்குல ஆகும், வித்துருவோம்னு முடிவு பண்ணுவாங்க. தூணு ஒரு பக்கம், நிலை ஒரு பக்கம்னு லாரியில போயிரும். வருசத்துக்கு ஒருதரம் ஓடு திருப்பி விட்டு முற்றத்துத் தூம்புல அடைப்பு எடுத்திருந்தா எத்தனையோ வீடு நின்னிருக்கும்.

அதனால என் கோரிக்கை இதுதான். கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி, தேவகோட்டைன்னு ஊருக்கு நாலஞ்சு வீடு, சனி ஞாயிறு மட்டும், காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் முகப்பும் வளவும் தொறக்கட்டும். முடிஞ்ச வீட்ல முன்வாசல்ல ஏறி பின்வாசல்ல எறங்குற மாதிரி வழி விடட்டும், அப்படி நடந்து பாத்தாத்தான் இந்த வீடு புரியும். பதிலுக்கு உள்ளாட்சி ஓடு திருப்புற செலவுல பங்கு தரட்டும், கூட்டவும் பாத்துக்கவும் ஆள் போடட்டும். ஒப்பந்தம் இருக்குற வரைக்கும் வீட்டை இடிக்கவோ விக்கவோ மாட்டோம்னு பங்காளிங்க எழுதித் தரட்டும். அழகப்பா பல்கலைக்கழகத்துல படிக்கிற பிள்ளைகளுக்கு சம்பளம் குடுத்து, தரையில பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லு எப்படிப் போடுறாங்க, முட்டை வெள்ளைக்கரு கலந்த பூச்சு ஏன் இப்படிப் பளபளக்குது, கூரைத் தண்ணி எப்படி ஊருணிக்குப் போச்சுன்னு சொல்ல வைக்கலாம். திருட்டுப் பயம்னு சொல்லுவாங்க. எனக்குத் தெரிஞ்சு திருடு போனதெல்லாம் ஆள் நடமாட்டமே இல்லாம பூட்டிக் கெடந்த வீட்லதான்.

மார்கழியில பிள்ளையார் நோன்புக்கு நெறைய பேரு ஊருக்கு வருவாங்க. அந்த வாரத்துலயே ஊருக்கு ஊர் கூட்டம் போட்டா நேர்ல பேசி கையெழுத்து வாங்கிரலாம், உங்க பேப்பர் முன்னால நின்னு கூப்பிட்டா மாநகராட்சிக்காரங்களும் டூரிசம்காரங்களும் வராம இருக்க மாட்டாங்க. எங்க வீட்டை மொத ஆளா எழுதிக்கங்க. எங்க வீட்டுக்காரர் பங்காளிங்ககிட்ட நான் பேசிட்டேன், சென்னையில இருக்கவங்க சரின்னுட்டாங்க, சிங்கப்பூர்ல இருந்து மட்டும் பதில் வரணும்.

இப்படிக்கு,
காரைக்குடி வாசகி