யூதர்களை எதிர்த்த யூதர்கள்: தமிழ் இணைய இதழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பத்துப் பன்னிரண்டு வருடமாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கட்டுரைகளை மொழிபெயர்த்து வருகிறேன். பெரும்பாலும் மேற்காசிய அரசியல். உங்களில் சிலர் அவற்றை வெளியிட்டிருக்கிறீர்கள், நன்றி. இந்த மடல் ஒரே ஒரு சொல்லைப் பற்றியது.

சென்ற ஆண்டு ஓர் இதழுக்குக் கட்டுரை ஒன்று அனுப்பினேன். எந்த இதழ் என்பது வேண்டாம். வெளியான பிறகு எடுத்துப் பார்த்தால், நான் 'சியோனிஸ்டுகள்' (பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கென்று ஒரு தாயகம் வேண்டும் என்ற இயக்கத்தினர்) என்று எழுதியிருந்த இடமெல்லாம் 'யூதர்கள்' ஆகியிருந்தது. ஒவ்வொரு வாக்கியமாகப் படித்து மாற்றியிருக்க வாய்ப்பில்லை, கணினியில் ஒரே தட்டில் மாற்றியிருக்கிறார்கள். ஏனென்றால் ஒரு வாக்கியம் இப்படி வந்திருந்தது: "1897-ல் மியூனிக் யூதர்கள் எதிர்த்ததால் யூதர்கள் தங்கள் மாநாட்டை வேறு ஊருக்கு மாற்றினார்கள்." போன் போட்டுக் கேட்டேன். "சியோனிஸ்ட்னா யாருக்கு சார் தெரியும்? யூதர்னு போட்டா பட்டுனு புரியும்" என்றார் உதவி ஆசிரியர்.

என்ன புரியும் என்பதுதான் என் கேள்வி.

அந்த வாக்கியத்தின் கதையைச் சொல்கிறேன். சியோனிச இயக்கத்தின் தலைவர் தியோடர் ஹெர்ஸல் அதன் முதல் மாநாட்டை மியூனிக்கில் கூட்டத்தான் நினைத்திருந்தார். அவ்வூர் யூத சமூகத் தலைவர்கள் ஒப்பவில்லை. ஜெர்மானிய ரபிகள் (யூத மதகுருக்கள்) சங்கத்தின் நிர்வாகிகளும் பகிரங்கமாக அறிக்கை விட்டார்கள். பாலஸ்தீனத்தில் யூத அரசு அமைக்கும் முயற்சி எங்கள் மீட்பர் நம்பிக்கைக்கு முரணானது, நாங்கள் வாழும் நாட்டுக்கு உண்மையாக இருக்கச் சொல்வதே எங்கள் மதம் என்றார்கள். மாநாடு சுவிட்சர்லாந்தின் பாஸல் நகருக்குப் போனது. அது ஆகஸ்ட் மாதம். அதே ஆண்டு அக்டோபரில் வில்னாவில் (இன்றைய லிதுவேனியாவின் வில்னியஸ்) யூதத் தொழிலாளர்கள் 'பண்ட்' என்ற சோஷலிசக் கட்சியைத் தொடங்கினார்கள். எங்கே வாழ்கிறோமோ அங்கேயே நின்று உரிமைக்குப் போராடுவது என்பது அவர்கள் கொள்கையாயிற்று. ஆக, சியோனிச இயக்கத்துக்கும் அதை எதிர்த்த யூத இயக்கத்துக்கும் வயது ஒன்றுதான்.

இன்னொருவர் நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே அறிமுகமானவர். மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தம் என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்குப் படித்தோமே, அந்த எட்வின் மாண்டேகு. 1917-ல் லண்டனில் இந்தியாவுக்கான அமைச்சர். அன்றைய அமைச்சரவையில் இருந்த ஒரே யூதர். ஆகஸ்ட் 20 அன்று, இந்தியாவுக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி தருவோம் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். மூன்று நாள் கழித்து, 23-ஆம் தேதியிட்டு, சக அமைச்சர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அதன் தலைப்பே 'இப்போதைய அரசின் யூத விரோதம்'. பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசியத் தாயகம் தரப்போகிற தன் சொந்த அரசைத்தான் யூத விரோத அரசு என்கிறார்! யூதர்களுக்கென்று ஒரு நாடு உண்டு என்று ஆகிவிட்டால், மற்ற நாடுகள் எல்லாம் தங்கள் யூதக் குடிமக்களைப் பார்த்து 'உன் ஊருக்குப் போ' என்று சொல்லும்; பாலஸ்தீனத்தில் இப்போது வாழ்கிறவர்கள் வெளியேற்றப்படுவார்கள். இதுதான் அவர் வாதம்.

நவம்பர் 2 அன்று, அந்தத் தேசியத் தாயகத்துக்கு பிரிட்டிஷ் அரசின் ஆதரவைச் சொல்லும் பால்ஃபர் அறிக்கை வெளியானபோது மாண்டேகு இந்தியாவுக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்தார். ஆனால் அவர் முற்றாகத் தோற்கவும் இல்லை. மற்ற நாடுகளில் யூதர்கள் அனுபவிக்கும் உரிமைகளுக்கும், பாலஸ்தீனத்திலுள்ள யூதரல்லாதாரின் சிவில், மத உரிமைகளுக்கும் பாதகம் வரக்கூடாது என்று அறிக்கையின் வாலில் நிபந்தனைகள் ஏறியதில் அவர் போட்ட சண்டைக்குப் பங்குண்டு. (யூதரல்லாதாரின் 'அரசியல்' உரிமை என்று அதில் இல்லை. பாலஸ்தீனர்கள் நூறு வருடமாகச் சுட்டிக்காட்டுவது அந்த விடுபட்ட சொல்லைத்தான்.) அந்த டிசம்பரில் சென்னையில் பிராமணரல்லாதார் இயக்கத்தினர் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் கேட்டு மனுக் கொடுத்தது இந்த மனிதரிடம்தான். இவருடைய பெரியப்பா மகன் ஹெர்பர்ட் சாமுவேல் சியோனிசத்தின் பக்கம். 1920-ல் பாலஸ்தீனத்தின் முதல் பிரிட்டிஷ் ஹைகமிஷனராகவே போனார். நம் உதவி ஆசிரியரின் கைக்கு இது போனால் 'யூதரை யூதர் எதிர்த்தார்' என்று முடிந்திருக்கும்.

சரி, சியோனிஸ்டுகளாவது ஒரே குரலில் பேசினார்களா? அதுவும் இல்லை. அஹத் ஹாஆம் என்ற புனைபெயரில் எழுதியவர் 1891-லேயே பாலஸ்தீனம் போய்வந்து, அது காலி நிலம் இல்லை, விதைக்காத வயலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று எழுதினார். குடியேறியவர்கள் அரபு மக்களிடம் முரட்டுத்தனமாக நடப்பதையும் கண்டித்தார். 1925-ல் ஜெருசலேமில் 'பிரித் ஷாலோம்' என்றொரு சிறு குழு உருவானது. பெயருக்கு சமாதான உடன்படிக்கை என்று பொருள். கெர்ஷோம் ஷோலெம், ஹூகோ பெர்க்மன் போன்ற அறிஞர்கள். நிலம் வாங்கிக் குடியேற்றும் வேலையைத் தலைமை தாங்கி நடத்திய ஆர்தர் ருப்பினே தொடக்கத்தில் இதில் இருந்தார் என்றால் பாருங்கள். யார் எண்ணிக்கையில் அதிகம் என்று பாராமல் இரண்டு மக்களுக்கும் சம அரசியல் உரிமை, ஒரே நாடு: இதை 'இரு தேசிய அரசு' என்றார்கள். ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த ஜூடா மேக்னஸ், தத்துவவாதி மார்ட்டின் பூபர் ஆகியோர் 1942-ல் 'இஹுத்' என்ற அமைப்பைத் தொடங்கி இதையே சொன்னார்கள். இவர்கள் எல்லோரும் தங்களை சியோனிஸ்டுகள் என்றுதான் கருதினார்கள்.

பூபருக்கும் மேக்னஸுக்கும் நம் பக்கம் ஒரு தொடர்பு உண்டு. 1938 நவம்பர் 26 ஹரிஜன் இதழில் காந்தி எழுதினார்: இங்கிலாந்து ஆங்கிலேயருக்கும் பிரான்ஸ் பிரெஞ்சுக்காரருக்கும் எப்படிச் சொந்தமோ அப்படித்தான் பாலஸ்தீனம் அரபு மக்களுக்குச் சொந்தம். ஜெர்மனியில் உள்ள யூதர்கள் சத்தியாகிரகம் செய்யலாம் என்றும் சொன்னார். பூபர் அந்த ஆண்டுதான் ஜெர்மனியை விட்டு ஜெருசலேம் வந்து சேர்ந்திருந்தார். 1939 பிப்ரவரியில் அவரும் மேக்னஸும் ஆளுக்கொரு கடிதம் காந்திக்கு எழுதினார்கள். வதை முகாம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியுமா என்று பூபர் கேட்கிறார். அதே கடிதத்தில், அரபு மக்களோடு சமாதானமாக வாழ்வதற்கான போராட்டத்தை நானும் நண்பர்களும் விட்டதே இல்லை என்றும் சொல்கிறார். இரண்டு உரிமைக் கோரிக்கைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன, இரண்டையும் பொருத்த வழி தேடுகிறோம் என்கிறார். காந்தி பதில் எழுதியதாகத் தெரியவில்லை. கடிதங்கள் கையில் கிடைத்தனவா என்பதே சந்தேகம். காந்தியின் வரியைத் தமிழில் எத்தனையோ முறை மேற்கோள் காட்டிவிட்டோம். பூபரின் கடிதத்தை முழுதாக யாராவது போட்டீர்களா? நானும்தான் மொழிபெயர்க்கவில்லை, என்னையும் சேர்த்தே கேட்கிறேன்.

இவர்களைப் புனிதர் ஆக்கவும் நான் கேட்கவில்லை. கூட்டமும் சிறியது, அரபுத் தரப்பில் கைகொடுக்க ஆளும் குறைவு. யூதக் குடியேற்றம் தொடர வேண்டும் என்று இவர்களும் கேட்டார்கள். வீட்டுக்காரரிடம் போய் வீட்டைப் பங்கிடப் பேசுவதே அநியாயம் என்று அரபுத் தலைவர்கள் நினைத்தார்கள். கைகொடுத்த ஒருவர் ஃபவ்ஸி அல்-ஹுசைனி. 1946 நவம்பரில் இரு தேசியத் தீர்வுக்கு ஆதரவான யூதர்களோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அதே மாதம் சொந்தத் தரப்பு அரபு தேசியவாதிகளே அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அதற்குள் ஐரோப்பாவில் நடந்தது எல்லாக் கணக்கையும் மாற்றியிருந்தது. 1938-ல் பிரான்ஸின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி, யூத அகதிகளை ஏற்பதில் கிட்டத்தட்ட எல்லோரும் கைவிரித்தார்கள். நாட்டுக்கு உண்மையாக இருப்பதே எங்கள் மதம் என்ற மியூனிக் யூதர்களின் பெரிய தொழுகைக்கூடத்தை அதே ஆண்டு ஜூனில் ஹிட்லரின் உத்தரவில் இடித்தார்கள். பிறகு நாஜிகள் கொன்றது 60 லட்சம் யூதர்களை. மாண்டேகுவின் வாதத்தைப் பெரும்பாலான யூதர்கள் கைவிட்டது மூளைச்சலவையால் அல்ல. இதைச் சொல்லாமல் சியோனிசத்தை விமர்சிக்கும் கட்டுரை அரைக் கட்டுரை என்பது என் எண்ணம்.

1948-ல் இஸ்ரேல் உருவானதை ஒட்டி நடந்த போரில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். அந்த ஏப்ரல் 9 அன்று டெய்ர் யாசின் கிராமத்தில் யூத ஆயுதக் குழுக்கள் படுகொலை செய்தன. 13-ஆம் தேதி ஜெருசலேமின் ஸ்கோபஸ் மலைக்குப் போன மருத்துவ வாகன வரிசையை அரபு ஆயுததாரிகள் தாக்கி, மருத்துவர், செவிலியர், மேக்னஸின் பல்கலைக்கழக ஊழியர் என்று 78 பேரைக் கொன்றார்கள். மேக்னஸ் அமெரிக்கா போய், அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட்டோடு சேர்ந்து இரு தரப்புக் கூட்டரசு யோசனை ஒன்றுக்கு ஆதரவு தேடிக்கொண்டிருந்தார். அக்டோபரில் நியூயார்க்கில் இறந்தார்.

அத்தோடு அந்தப் பேச்சும் செத்துவிட்டது என்றுதான் பல காலம் எல்லோரும் நினைத்தார்கள். இப்போது திரும்பியிருக்கிறது. ஜோர்டான் நதிக்கும் கடலுக்கும் நடுவே இன்று ஏறத்தாழ 70 லட்சம் யூதர்கள், 70 லட்சம் பாலஸ்தீனர்கள். மேற்குக் கரையில் மட்டும், கிழக்கு ஜெருசலேம் நீங்கலாக, சுமார் 5 லட்சம் யூதக் குடியேறிகள். இதற்குள் எங்கே இரண்டாவது நாட்டைச் செருகுவது? வாரம் தவறாமல் தொழுகைக்குப் போகும் அமெரிக்க எழுத்தாளர் பீட்டர் பைனார்ட், இரு நாட்டுத் தீர்வைப் பல வருடம் வாதாடியவர், 2020-ல் அதைக் கைவிட்டார். யூத அரசு தேவையில்லை, சம உரிமையுள்ள ஒரே நாட்டில் யூதத் தாயகம் போதும் என்றார். அவர் எடுத்துக்கொண்ட உவமை யூத மரபின் உள்ளிருந்தே வருகிறது. கி.பி. 70-ல் ரோமானியர் ஜெருசலேமை முற்றுகையிட்டபோது, ரபி யோகனன் பென் சக்காயைச் சவப்பெட்டியில் வைத்துச் சீடர்கள் வெளியே தூக்கிப்போனார்கள். அவர் ரோமானியத் தளபதியிடம் கேட்டது யவ்னே என்ற ஊரையும் அங்குள்ள அறிஞர்களையும் மட்டும். கோயிலும் அரசும் போனபின் பலியில்லாத, படிப்பும் தொழுகையுமான யூத மதம் அங்கிருந்து எழுந்தது. ஒருமுறை அடியோடு மாறியவர்கள் இன்னொரு முறையும் மாறலாம் என்கிறார் பைனார்ட்.

மறுப்பவர்களின் கேள்வியும் லேசானதல்ல. அரபு நாடுகளில் சிறுபான்மையாக வாழ்ந்த ஈராக், எகிப்து, ஏமன் யூதர்கள் இன்று எங்கே? 2023 அக்டோபர் 7-க்குப் பிறகு, யாருடைய போலீசை நம்பித் தூங்குவது? அன்று ஹமாஸ் தாக்குதலில் கொல்லப்பட்ட சுமார் 1,200 பேரில் விவியன் சில்வரும் ஒருவர். காஸா நோயாளிகளை எல்லையிலிருந்து காரில் இஸ்ரேலிய மருத்துவமனைகளுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்த 74 வயது சமாதான ஆர்வலர். காஸாவில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட போருக்குப் பிறகு, பாலஸ்தீனர்களும் இதே கேள்வியைத் திருப்பிக் கேட்கிறார்கள். என் சாய்வு சம உரிமையுள்ள ஒரே நாட்டின் பக்கம், மறைக்கவில்லை. ஆனால் சென்னையில் உட்கார்ந்து இந்தப் பயத்தை நான் தள்ளிவிட முடியாது.

2023 அக்டோபர் 27 அன்று நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் போரை நிறுத்தக் கோரி உட்கார்ந்து கைதானவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். அந்த டிசம்பரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை, சியோனிச எதிர்ப்பு என்பதே யூத விரோதம் என்று 311-க்கு 14 என்ற வாக்கில் தீர்மானம் போட்டது. யூதரும் சியோனிசமும் ஒன்றுதான் என்கிறது அந்தத் தீர்மானம். நம் உதவி ஆசிரியர் கணினியில் செய்ததும் அதுதானே? இஸ்ரேலைத் திட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு இஸ்ரேல் அரசின் சமன்பாட்டையே அச்சிடுகிறோம்.

அப்புறம் ஒரு படம். நீளக் கோட்டு, தொப்பி, தாடியோடு பாலஸ்தீனக் கொடி பிடித்து நிற்பவர்கள். 'உண்மையான யூதர்கள்' என்று குறிப்பு எழுதிப் போடுகிறீர்கள். அவர்கள் நெட்டூரே கர்த்தா என்ற மிகச் சிறிய குழு. மீட்பர் வரும்வரை யூதர்களுக்கு அரசு கூடாது என்பது அவர்கள் காரணம். சம உரிமை, ஜனநாயகம் என்ற பேச்சுக்கும் அவர்களுக்கும் வெகுதூரம். பூபரையும் இவர்களையும் ஒரே படத்தில் அடைக்க முடியாது. கிறிஸ்தவ வாசகர்களுக்கு இன்னொரு சிக்கல். தமிழ் பைபிளில் வரும் பெலிஸ்தரை இன்றைய பாலஸ்தீனர் என்றும், சீயோனை இன்றைய இஸ்ரேல் அரசு என்றும் நினைத்து எழுதும் கட்டுரைகள் எனக்கே பிழைதிருத்த வந்திருக்கின்றன. பெலிஸ்தர் ஒரு பழங்கால மக்கள். பெயருக்கு வேர் ஒன்றாக இருக்கலாம், ஆட்கள் வேறு.

நான் கேட்பது பெரிதில்லை. அரசு செய்ததை இஸ்ரேல் அரசு என்றும், இயக்கம் செய்ததை சியோனிச இயக்கம் என்றும், குடியேறிகள் செய்ததைக் குடியேறிகள் என்றும் எழுதுங்கள். சியோனிஸ்ட் என்றால் என்னவென்று வாசகருக்குத் தெரியாவிட்டால் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி போடுங்கள், தெரிந்துகொள்வார். பூபர், மேக்னஸ் இருவரின் கடிதங்களையும் இந்தக் கோடைக்குள் மொழிபெயர்த்துத் தருகிறேன். நீளமானவை, இரண்டு மூன்று பகுதிகளாகப் போட வேண்டியிருக்கும். காசு வேண்டாம். கேட்காமல் சொல்லை மாற்றமாட்டோம் என்று சொல்கிற இதழுக்குத் தருவேன்.

அந்த உதவி ஆசிரியர் இதைப் படித்தால்: கட்டுரை இன்னும் உங்கள் தளத்தில்தான் இருக்கிறது தம்பி. மூன்றாவது பத்தி, மியூனிக் வாக்கியம். அதை மட்டுமாவது இன்று மாற்றிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மொழிபெயர்ப்பாளன்