வண்டிக்கு முன்னால் ஒரு வலை

தருமபுரி,
மாசி 12

அன்புள்ள செல்வத்துக்கு,

நலம். உங்கம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன், திண்ணையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். கைத்தடி ஊன்றாமல் உள்ளே போய் எனக்குக் காபி கொண்டுவந்தார்கள். நீ கவலைப்படாமல் இரு. சின்னவள் சேலத்தில் நர்சிங் சேர்ந்துவிட்டாள். லோடு இறக்கிவிட்டு வாரம் ஒரு தடவை ஹாஸ்டலில் அவளைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

என் லோடு வண்டி, மஹிந்திரா பொலேரோ பிக்கப் படத்தைப் பார்த்துவிட்டு, முன்னால் இருக்கிற வலை கிரில் கடையில் வாங்கியதா என்று கேட்டிருந்தாய். இல்லை செல்வம், என் கையால் செய்தது. அதுவும் இரண்டாவது தடவை செய்தது. முதல் தடவை செய்த தப்பை உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கார்த்திகையில் ஒரு டிப்பருக்குப் பின்னால் போகும்போது ஜல்லி தெறித்து, பிளாஸ்டிக் கிரில்லில் நடுவில் இருந்த பட்டைகள் உடைந்துபோயின. இன்ஜினைக் குளிரவைக்கிற ரேடியேட்டர் அப்படியே திறந்து கிடந்தது. தை பிறந்ததும் நம் பக்கத்து ரோடு எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். கொள்ளும் ராகியும் ரோட்டில் பரப்பியிருப்பார்கள், அதன் மேல்தான் ஓட்டியாக வேண்டும். பொட்டு, அதாவது தானியத்தின் உமியும் சருகும், முழுக்க முன்பக்கத்தில் ஏறிவிடும். அதைத் தடுக்கலாம் என்று வீட்டு ஜன்னலுக்கு அடிக்கிற கொசுவலையை வாங்கி, கம்பி முறுக்கிக் கட்டிவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பாலக்கோடு மண்டியிலிருந்து தக்காளி ஏற்றிச் சேலம் போனபோது ஒன்றும் தெரியவில்லை, அது இறக்கம். திரும்பும்போது தவிட்டு மூட்டை ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய் ஏறினேன். செகண்ட் கியர், மதியம் இரண்டு மணி. பாதி ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்டி பானெட்டைத் தூக்கினால் கை வைக்க முடியாத சூடு. ரேடியேட்டர் மூடியைத் திறக்காமல் முக்கால் மணி நேரம் புளியமரத்தடியில் காத்திருந்தேன். அப்போதுதான் கொசுவலையைக் கிட்டத்தில் பார்த்தேன். ஒவ்வொரு கண்ணிலும் பொட்டு ஒட்டி, வரட்டி தட்டியது மாதிரி மூடியிருந்தது. கட்டுகளை அவிழ்த்து உதறிவிட்டு ஏறினேன், முள் தானாக நடுவுக்கு வந்துவிட்டது.

வேகமாகப் போகும்போது காற்று தானாக வந்து மோதும். ஏற்றத்தில் வண்டி ஊரும்போது ஃபேன் இழுக்கிற காற்று மட்டும்தான். அந்தக் காற்றின் வழியை நானே அடைத்துவிட்டு இன்ஜினைக் குறை சொல்லிப் பயனில்லை.

வீட்டுக்கு வந்ததும் உங்கப்பா எனக்குக் கொடுத்த, நுணுக்கமாக அளக்கிற வெர்னியரை எடுத்து அளந்தேன். அதன் அளவுகோலில் 15-க்குப் பக்கத்துக் கோடு தேய்ந்திருக்குமே, அதேதான். கொசுவலையில் கண் 1.2 மில்லி, கம்பி 0.3 மில்லி. கணக்குப் போட்டால் நூறு பங்கில் 64 பங்குதான் திறப்பு. அதுவும் புதிதாக இருக்கும்போது. கண் சிறிதாக இருப்பதால் ஒரு சிறு தூசு போதும் அடைக்க. பிறகு ஹார்டுவேர் கடையில் 6 மில்லி கண்ணும் 1 மில்லி கம்பியும் உள்ள ஜி.ஐ. வெல்டு மெஷ், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு வலை பார்த்தேன். அதில் திறப்பு 73 பங்கு. ஜல்லியும் காய் நெற்றும் நிற்கும், பொடி உள்ளே போய் ஃபேன் காற்றில் வெளியேறிவிடும். அதையே வாங்கினேன்.

செய்த விதத்தையும் சொல்கிறேன். உடைந்த பட்டைகளை ஹேக்ஸா பிளேடால் அறுத்து, சட்டத்தை மட்டும் விட்டேன். உள் அளவுக்கு அட்டையில் வெட்டிப் பார்த்து, மூன்றாவது அட்டைதான் சரியாக உட்கார்ந்தது. முக்கால் இஞ்ச் பிளாட்டில், அதாவது தட்டை இரும்புப் பட்டையில், ஒரே அளவாக இரண்டு சட்டம். மூலைகளில் மட்டும் வெல்டு. வலையை இரண்டுக்கும் நடுவில் வைத்து போல்ட் போட்டு நெரித்துவிட்டேன். ஜி.ஐ. மேல் வெல்டு வைத்தால் வருகிற வெள்ளைப் புகை உனக்கு நினைவிருக்கும். அந்த கேட் வேலை முடிந்த ராத்திரி நாம் இரண்டு பேரும் குளிர்க்காய்ச்சலில் நடுங்கினோமே. அதனால்தான் வலையில் நான் ஒரு புள்ளிகூட வெல்டு வைக்கவில்லை.

வெட்டின ஓரங்களை அரத்தால் ராவினேன். கம்பி முனை ஒவ்வொன்றையும் விரலால் தடவி, உறுத்தாத வரைக்கும் விடவில்லை. துருவுக்கு ரெட் ஆக்சைடு ஒரு கோட், கறுப்பு இரண்டு கோட். ஆட்டத்தில் கழலாத நைலாக் நட்டு நான்கில் ரப்பர் வாஷர் வைத்து மாட்டியிருக்கிறேன். ரேடியேட்டருக்கும் வலைக்கும் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டேன். பின்னால் இருக்கிற அலுமினியத் தகடுகள் நகம் பட்டாலே மடங்கும், ஆட்டத்தில் வலை உரசினால் ஓட்டை விழும். சனிக்கிழமை நான்கு நட்டையும் கழற்றி, இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவுகிறேன்.

நீ பம்பருக்கு முன்னால் பைப் கார்டும், அதாவது இரும்பு பைப் தடுப்பும், போடச் சொன்னாய். அது வேண்டாம். 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் அதைத் தடுக்கச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இடித்தால் முன்பக்கம் நசுங்கி அடியை வாங்க வேண்டும், பைப் இருந்தால் அடி நேராக சேஸிஸுக்கு, வண்டியின் அடிச்சட்டத்துக்குப் போகும். குறுக்கே வருகிற ஆளுக்கு அது இன்னும் மோசம். என் வலை சட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது, வெளியே ஒரு போல்ட் முனைகூட நீட்டவில்லை.

வேலை செய்யும்போது உங்கப்பாவின் பழைய ஜீப் நினைவுதான். 1941-ல் வில்லிஸ் கம்பெனி செய்த முதல் ஜீப்புகளுக்கு முன்பக்கம் பட்டைக் கம்பிகளை வெல்டு வைத்துத்தான் அடைத்தார்கள். பிறகு ஃபோர்டு ஒரே தகட்டை அச்சில் அடித்து ஒன்பது துளை போட, வில்லிஸும் அதையே எடுத்துக்கொண்டது. 1945-ல் பொதுமக்களுக்கு வந்த ஜீப்பில் துளை ஏழானது. 1940-களின் கடைசியில் மஹிந்திரா பம்பாயில் பூட்டத் தொடங்கியது அந்த வில்லிஸ் ஜீப்பைத்தான். என் வண்டி அந்த வம்சம். பிளாட்டை வெட்டி வெல்டு வைத்தபோது, அந்த முதல் பட்டறையில் வேலை செய்தவர்களோடு சேர்ந்து நின்ற மாதிரி இருந்தது எனக்கு.

போன வாரம் மறுபடி தொப்பூர் ஏறினேன். அதே தவிட்டு லோடு, அதே நேரம். முள் நடுவை விட்டு நகரவில்லை.

வலையில் இரண்டடி மிச்சம் இருக்கிறது. உங்கப்பா பட்டறையின் கிழக்கு ஜன்னலில் கம்பி இற்றுப்போய், அணில் உள்ளே போய் லேத் மேல் கூடு கட்டுகிறது. அம்மா காட்டினார்கள். சாவி அவர்களிடம்தான் இருக்கிறது. ஜன்னலுக்கு அளவு எடுத்து வைத்திருக்கிறேன், ஆனால் நீ சொல்லாமல் அந்தக் கதவைத் திறக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு வார்த்தை சொல், அடித்துவிடுகிறேன்.

அன்புடன்,
மாது